கோமதியின் கையும் தோட்டத்துக் கணினியும்

எங்கள் தொழிலில் இப்போது இருக்கும் இளைஞர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்றவன் என்ற மரியாதைக்காக என்னையும் அதில் சேர்த்துவிட்டார்கள். சென்ற வாரம் ஒரு தம்பி அதில் ஒரு கேள்வி போட்டிருந்தார். 'வாடிக்கையாளர் வீட்டுக் கணினி சில நாள் திறக்கிறது, சில நாள் திறப்பதில்லை. எந்தப் பாகத்தை மாற்றலாம்?' நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் பதில்கள் வந்து குவிந்துவிட்டன. பவர் சப்ளையை மாற்று. மதர்போர்டை மாற்று. மெமரியைக் கழற்றித் துடைத்துப் போடு. வாடிக்கையாளரையே மாற்று என்று ஒருவர் சிரிப்புப் படமும் போட்டிருந்தார்.

'எப்போது திறப்பதில்லை?' என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். ஒரு தம்பி கட்டைவிரல் படம் போட்டார். இன்னொரு தம்பி, 'அங்கிள், உங்க காலத்துல எப்படிப் பார்ப்பீங்க? சாவகாசமா எழுதுங்களேன்' என்றார். என் வாயை அடைக்க அது ஒரு நாகரிகமான வழி என்று அவர் நினைத்திருக்கலாம். ஓய்வு பெற்றவனிடம் இந்த விளையாட்டெல்லாம் வைத்துக்கொள்ளக் கூடாது. நான் அதை அழைப்பாகவே எடுத்துக்கொண்டேன்.

என் பயிற்சிக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது உண்மையிலேயே சுருக்கமானதுதான். எழுபதுகளின் கடைசியில் சிரம்பானில் ஒரு கடையில் வானொலிப் பெட்டி பழுதுபார்க்கக் கற்றேன். பிறகு தொலைக்காட்சி, பிறகு கேசட் ரிக்கார்டர். எண்பதுகளில் கணினி விற்கும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்ததும் என்னைக் கோலாலம்பூருக்குச் சில நாள் வகுப்புக்கு அனுப்பினார்கள். போகும்போது நான் ரேடியோக்காரன். வரும்போது கம்ப்யூட்டர் டெக்னீஷியன். இடையில் எனக்குள் நிகழ்ந்த மாற்றம் ஒரு கழுத்துப்பட்டையும் ஒரு ஸ்குரூடிரைவர் பெட்டியும்தான். ஆனால் ஊரில் மரியாதை கூடிவிட்டது. அதற்கு முன்பு என்னை 'ஏய் மணியம்' என்றவர்கள் 'மிஸ்டர் மணியம்' என்றார்கள். திருமணப் பேச்சுகூட அதற்குப் பிறகுதான் சூடு பிடித்தது.

சர்வீஸ் பகுதிக்குத் தலைவர் நவரத்தினம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா, தாத்தா எல்லாரும் அரசாங்கக் கிராணிகள், அதாவது குமாஸ்தாக்கள். அவர் கணினியைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. கால்சட்டையின் மடிப்பு கத்தி போல் நிற்கும். காலணியில் முகம் பார்க்கலாம். அந்தக் காலணியைச் செம்மண்ணில் வைக்க மனமில்லாததால், தோட்டங்களுக்கு அவர் தொலைபேசி வழியாகத்தான் போவார். ரிசீவரைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, "சொல்லுங்கோ, என்ன வருத்தம்?" என்று ஆரம்பிப்பார். அவர்கள் பக்கம் நோயை வருத்தம் என்பார்கள். கணினிக்கும் அதே சொல்தான்.

அவர் வகுத்த முறை ஒன்று இருந்தது. அதில் ஒரு படியைத் தாண்டினாலும் அவருக்குத் தெரிந்துவிடும். போனவுடன் பெட்டியைத் தொடக் கூடாது. முதலில் சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டைச் சோதிக்க வேண்டும். பிளக்கைப் பிரித்து உள்ளே இருக்கும் ஃபியூஸைப் பார்க்க வேண்டும். கம்பியை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை விரலால் தடவிக்கொண்டே வர வேண்டும். அதற்குப் பிறகுதான் மூடியைக் கழற்றலாம். தூசியை ஊதி, அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, செருகும் முனையைத் துடைத்துத் திரும்பச் செருகி, பவர் சப்ளையிலிருந்து ஐந்து வோல்ட்டும் பன்னிரண்டு வோல்ட்டும் ஒழுங்காக வருகின்றனவா என்று மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். கடைசியில் சுவிட்சைப் பல முறை போட்டுப் போட்டு அணைக்க வேண்டும். எல்லா முறையும் திறந்துவிட்டால் கணினி நலம். ஸ்குரூடிரைவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

"எங்கட கண்ணுக்கு முன்னால ஓடுற மெஷினுக்கு வருத்தம் இல்லை தம்பி," என்பார். "வருத்தம் அதைத் தொடுறவனுக்கு."

நல்ல முறைதான். பலமுறை என்னைக் காப்பாற்றியிருக்கிறது. கெமாஸில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு மொத்தக் கடையில் கணினி திடீர் திடீரென்று செத்துப்போகும். சரக்கு ரயில் போகும்போதெல்லாம் சுவர் அதிர்ந்து, தொளதொளத்த பிளக் ஒரு நூலளவு வெளியே நகர்ந்துகொண்டிருந்தது. பிளக் பாயிண்டை மாற்றினேன். ஒரு தோட்டப் பள்ளியில் பவர் சப்ளைக்குள் ஒரு பல்லி கருகிக் கிடந்தது. தலைமையாசிரியர் மிகவும் கவலையோடு, பல்லி எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று கேட்டார். கரண்டு வரும் பக்கம் என்றேன். அவர் பஞ்சாங்கத்தில் அதற்குப் பலன் போடவில்லை.

ஆனால் அந்த முறையில் ஒரு ஓட்டை இருந்தது. நாங்கள் சிரம்பானிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் போய்ச் சேரும்போது வெயில் ஏறியிருக்கும். வெயில் ஏறியபின் கணினி எப்படி இருக்கிறது என்பதுதான் எங்களுக்குத் தெரியும். இந்த ஓட்டையில்தான் கோமதி விழப் பார்த்தாள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். லிங்கிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம், பெயர் வேண்டாம். அங்கே ஆபீசுக்கு ஒரு கணினி வந்து இறங்கியது. தொழிலாளர்களின் வேலைநாள் பதியும் செக்ரோலை இனிமேல் அதில்தான் ஏற்ற வேண்டும் என்பது தலைமையகத்தின் உத்தரவு. மேனேஜர் எங்கள் தமிழர்தான், ஆனாலும் துரை துரைதான். நல்ல மனிதர், கோபக்காரர், எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார். அவருக்குக் கீழே பெரிய கிராணி தாமோதரம். தோட்டத்தின் மொத்தக் கணக்கும் அவர் தலையில் இருந்தது. அதைவிட முக்கியமாக, அவருக்குக் கைராசி உண்டு என்பது தோட்டம் முழுக்க ஒப்புக்கொண்ட சங்கதி. புதுக்காட்டில் முதல் மரத்துக்கு முதல் வெட்டு அவர் கையால்தான். மளிகைக் கடையில் புதுக் கணக்கை அவர்தான் தொடங்கி வைப்பார். பிள்ளைகளுக்கு முதல் எழுத்தும் அவர்தான் எழுதிக் கொடுப்பார். கணினிக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, அவர்தான் முதலில் சுவிட்சைப் போட்டார். திறந்துகொண்டது. எல்லாரும் கை தட்டினார்கள்.

கணினியில் உட்கார ஆள் வேண்டுமே. கோமதியை எடுத்தார்கள். பால்மரம் வெட்டுபவரின் மகள், உயர்நிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம்வரை படித்தவள், டைப்பிங் தெரிந்தவள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து ஆபீசுக்குள் மேசை நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் பெண் அவள்தான். அவள் அம்மா அந்த வாரம் முழுக்க வெட்டுக்காட்டில் தலை நிமிர்ந்து நடந்தாராம். அது எனக்குக் கோமதியே சொன்னது.

முதல் வாரத்திலேயே தொல்லை ஆரம்பித்தது. விடியற்காலையில் கோமதி சுவிட்சைப் போட்டால் கணினி திறக்காது. கிராணியார் வந்து போட்டால் திறக்கும். மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். ஒருநாள் இரண்டுநாள் என்றால் பரவாயில்லை. ஒரு மாதத்துக்கு இதே கூத்து. தோட்டத்துக்கு இதற்குமேல் சாட்சி வேண்டுமா? அந்தப் பெண்ணுக்குக் கைராசி இல்லை என்று லயத்தில் பேச்சு கிளம்பியது. பிள்ளைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்த ஒருத்தி, கோமதி கன்னத்தைக் கிள்ள வந்தபோது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் மூன்று முறை அந்தத் தோட்டத்துக்குப் போனேன். மூன்று முறையும் நவரத்தினம் வகுத்த முறையை ஒரு படி விடாமல் செய்தேன். இரண்டாவது முறை, சும்மா இருக்கட்டும் என்று பவர் சப்ளையையே புதிதாக மாற்றினேன். சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்தேன். என் கைக்கும் திறந்தது, கோமதி கைக்கும் திறந்தது. கிராணியார் பக்கத்தில் நின்று, "இப்ப நான் பக்கத்துல இருக்கேன்ல, அதான் தொறக்குது," என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. மனதார நம்பித்தான் சொன்னார்.

மூன்றாவது முறைக்குப் பிறகு துரை பொறுமை இழந்து எங்கள் ஆபீசுக்கே தொலைபேசி போட்டார். நவரத்தினம் கைக்குட்டையால் ரிசீவரைத் துடைத்துவிட்டு, அமைதியாகப் பதில் சொன்னார். "மெஷினில ஒரு வருத்தமும் இல்லை. இது ஓப்பரேட்டர் பிழை."

தோட்டத்தில் கைராசி என்று சொன்னபோது துரை சிரித்தார். அதையே சிரம்பானிலிருந்து ஆங்கிலச் சொல்லில் சொன்னதும் நம்பிவிட்டார். மாதக் கடைசியோடு கோமதியை மருந்தடிக்கும் வேலைக்கு அனுப்பிவிட்டு, ஆபீசுக்கு வேறு ஆள் எடுப்பது என்று முடிவு செய்தார். செய்தி எனக்கு எட்டியபோது எனக்கு வந்த கோபத்தை இன்றும் மறக்கவில்லை. லயத்திலிருந்து ஒரு பெண் மேசைவரை வந்திருக்கிறாள். அவளை மறுபடி முதுகில் மருந்துத் தொட்டி மாட்டி அனுப்புவதற்கு, செம்மண்ணை மிதிக்காத ஒரு மனிதரின் ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது.

யாரும் அனுப்பாமலே நான்காவது முறை போனேன். போய்ச் சேர்ந்தபோது வழக்கம்போல வெயில் ஏறியிருந்தது. துரை காட்டுக்குப் போயிருந்தார். கிராணியார் ரப்பர்ப் பால் நிறுக்கும் கொட்டகையில் இருந்தார். கோமதி மட்டும் கணினியில் எண்களை ஏற்றிக்கொண்டிருந்தாள். கணினி சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, நீங்க வாற நேரத்துக்கு அது நல்ல புள்ளயா இருக்கும்லா," என்றாள். கண் கலங்கியிருந்தது. "காலையில வந்து பாருங்கன்னு எத்தன தடவ சொல்றேன்."

அன்றைக்குத்தான் நான் பெட்டியைப் பார்க்காமல் அவளைப் பார்த்து உட்கார்ந்தேன். "காலையில வந்ததும் என்னா செய்வே? ஒண்ணு விடாம சொல்லு."

"ஜாகா தாத்தா கதவு தொறந்து விடுவாரு. சாமி படத்தக் கும்பிடுவேன். உக்காருவேன். சுவிச்சு மேல வெரல வச்சுக்கிட்டு இருப்பேன். சைரன் ஊதும். ஒடனே போட்ருவேன்."

ஜாகா என்பவர் தோட்டத்தின் இரவுக் காவலாளி. விடியற்காலையில் ஆட்களைக் கூட்டிக் கணக்கெடுக்கும் பெரட்டுக்குச் சைரன் போடுவதும் அவர் வேலைதான்.

"ஏன் சைரனோட போடுற?"

"தொர சொன்னாருல்ல, சைரன் ஊதுறப்ப கம்ப்யூட்டரு ஓடணும்னு. லயத்துப் புள்ளைங்க பிந்தி வரும்னு ஒருத்தரும் பேசக் கூடாதுண்ணே."

"சரி, போட்டதும்?"

"காத்தாடி ஒரு சுத்து சுத்தும். நின்னுரும். மறுபடி போடக் கூடாது, நான் வாற வரைக்கும் தொடாதேன்னு கிராணியாரு சொல்லிருக்காரு. நான் தொட மாட்டேன். அவரு வந்து அணைச்சிட்டுப் போடுவாரு. ஓடிரும்."

"அவரு எப்ப வருவாரு?"

கோமதி வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். "வருவாரு," என்றாள்.

"சைரன் ஊதுறப்ப இங்க வேற என்னா நடக்கும்?"

"ஒண்ணும் நடக்காதுண்ணே. லைட்டு மங்கும், அவ்வளோதான்."

"லைட்டு மங்குமா?"

"அது எப்பவும் மங்குறதுதானே. நான் பொறந்ததுலேருந்து மங்குது."

மூன்று முறை வந்தும் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? தினமும் நடப்பதை யாராவது கோளாறு என்பார்களா? கிழக்கே வெளுக்கும், சேவல் கூவும், சைரன் ஊதும், விளக்கு மங்கும். நான் வெளியே ஓடிப்போய்க் கூரையைப் பார்த்தேன். ஆபீஸ் கூரைமேல் பெரிய மோட்டார் சைரன். அதிலிருந்து இறங்கிய கம்பி, வராந்தாச் சுவரில் சைரன் சுவிட்ச் இருந்த இரும்புப் பெட்டிக்கு வந்து, அங்கிருந்து ஆபீஸ் விளக்கும் கணினியும் மாட்டியிருந்த அதே பழைய கம்பியில் போய்ச் சேர்ந்தது.

"கோமதி, கம்ப்யூட்டர அணைச்சிட்டு சுவிச்சு மேல வெரல வை. காலையில செய்யிற மாதிரியே செய்யி," என்று கத்திவிட்டு, இரும்புப் பெட்டியின் பிடியைப் பிடித்து இழுத்தேன்.

சைரன் அலறத் தொடங்கியது. ஆபீஸ் விளக்கு மங்கியது. கோமதி சுவிட்சைப் போட்டாள். காத்தாடி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. அவ்வளவு நாளும் என்னிடமிருந்து ஒளிந்து விளையாடிய கோளாறு, பட்டப்பகலில் என் முன்னால் வந்து நின்றது. நான் குதித்தேன். சந்தோஷத்தில் பிடியைத் திருப்பி விடவே மறந்துவிட்டேன்.

கோமதி முகம் வெளிறி ஓடிவந்தாள். "ஐயோ அண்ணே, நிப்பாட்டுங்க! நெருப்புன்னு நெனச்சி எல்லாரும் ஓடியாந்துருவாங்க!"

பெரட்டு நேரத்தைத் தவிர வேறு நேரத்தில் சைரன் ஊதினால் தோட்டத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்பதை என் கோலாலம்பூர் வகுப்பில் சொல்லித் தரவில்லை. நான் பிடியைத் தள்ளியபோது காலம் கடந்துவிட்டது. முதலில் வந்தது ஃபேக்டரி ஆட்கள், மணல் வாளிகளோடு. பின்னால் வெட்டுக்காட்டிலிருந்து பெண்கள், பால் வாளியைக் கீழே வைக்கக்கூட நேரமில்லாமல். தோட்டத்து மருத்துவமனை டிரசர் ஸ்ட்ரெச்சரோடு வந்தார். பள்ளியில் பிள்ளைகளை வரிசையாகத் திடலில் நிறுத்திவிட்டார்கள். பகல் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடிவந்த ஜாகா, இடுப்புச் சாரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "நான் ஊதல, சத்தியமா நான் ஊதல," என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கிராணியார் ஓடி வந்தார். அவர் ஓடி அதுவரை யாரும் பார்த்ததில்லையாம்.

ஜீப் வந்து நின்றது. துரை குதித்து இறங்கினார். "எங்க நெருப்பு?"

தோட்டமே என்னைப் பார்த்தது. என் கையில் ஸ்குரூடிரைவர் இருந்தது.

"நெருப்பு இல்ல சார்," என்றேன். "கம்ப்யூட்டர் கோளாறு கெடச்சிருச்சி."

அதற்கடுத்து அவர் சொன்னதை எழுத முடியாது. தமிழிலும் சொன்னார், ஆங்கிலத்திலும் சொன்னார், மலாயிலும் சொன்னார். ஆனால் ஏற்கெனவே சொன்னேன் அல்லவா, கண்ணால் பார்த்தால் நம்புகிற மனிதர். மூச்சு வாங்கி முடித்ததும், "காட்டு," என்றார்.

மீட்டரின் இரண்டு முனைகளையும் பிளக் பாயிண்டில் வைத்து, முள்ளை அவருக்குக் காட்டினேன். எல்லாரிடமும் பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஜாகா சைரனைப் போட்டார். முள் சரிந்து விழுந்தது. மோட்டார் கிளம்பும்போது கரண்டையெல்லாம் அதுவே உறிஞ்சிக்கொள்கிறது, கம்பி பழசு, மிச்சம் வருவது கணினிக்குப் பற்றவில்லை, குறைவான கரண்டில் திறந்தால் கெட்டுவிடும் என்று பவர் சப்ளை தானே அடைத்துக்கொள்கிறது, ஒருமுறை அடைத்துக்கொண்டால் அணைத்துச் சற்று விட்டுப் போட்டால்தான் மறுபடி எழும்பும் என்று விளக்கினேன். துரை முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையாட்டினார்.

கிராணியாருக்குத்தான் மனம் ஒப்பவில்லை. "சார், கம்பி அதே கம்பிதான். சுவிச்சு அதே சுவிச்சுதான். நான் போட்டா தொறக்குது, அந்தப் புள்ள போட்டா தொறக்கல. அதுக்கு இவரு என்னா சொல்றாரு?"

துரை அவரைப் பார்த்தார். "நீங்களும் சைரனுக்கு ஆபீஸ்லதானே இருக்கீங்க மிஸ்டர் தாமோதரம்? ரெண்டு பேரும் அதே நேரத்துலதானே போடுறீங்க?"

விஷயம் இதுதான். பெரட்டுக் களத்தில் நிற்கும் துரை, கிராணியார் ஆபீசில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். வெளியூரிலிருந்து ஆபீசுக்கு வருபவர்கள் அவர் பெரட்டுக் களத்தில் இருப்பதாக நினைத்தார்கள். இரண்டு இடத்திலும் அவர் இல்லை, வீட்டில் சாவகாசமாகப் பசியாறிக்கொண்டிருக்கிறார் என்பது துரையைத் தவிர தோட்டத்தில் எல்லாருக்கும் பல வருடமாகத் தெரியும். பால் வாளியோடு நின்ற ஒரு பெண்மணி முதலில் சிரித்தார். பிறகு கூட்டம் முழுக்கச் சிரித்தது. ஸ்ட்ரெச்சரைப் பிடித்திருந்தவர்கள் அதைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

துரை சிரிக்கவில்லை. "நீங்க போடுங்க," என்றார்.

சைரன் மறுபடி ஊதியது. கிராணியார் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, தோட்டத்தின் முதல் மரங்களையெல்லாம் வெட்டித் தொடங்கிய அந்தக் கையால் சுவிட்சைப் போட்டார். காத்தாடி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. சைரன் ஓய்ந்தது. அணைத்து, சற்றுப் பொறுத்து, "இப்ப நீ போடு," என்று கோமதியிடம் சொன்னேன். போட்டாள். திரையில் எழுத்துகள் வரிசையாக ஓடி வந்தன.

கிராணியார் கர்ச்சீப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு இன்னிக்கு சந்திராஷ்டமம் சார்," என்றார்.

கோமதி ஆபீசிலேயே இருந்தாள். புதுக் கம்பி இழுக்கத் தலைமையகம் அனுமதி தர வேண்டும் என்பதால், சைரன் ஓய்ந்த பிறகுதான் கணினியைத் தொட வேண்டும் என்று துரை உத்தரவு போட்டார். கிராணியார் சைரனுக்கு முன்பே ஆபீசில் இருக்க வேண்டும் என்பது இரண்டாவது உத்தரவு. கோமதியிடம் தயவாக, "நீ இனிமே கொஞ்சம் பிந்தியே வரலாம்," என்றார். அவள் "சரிங்க சார்," என்றாள். மறுநாளும் சைரனுக்கு முன்பே வந்து, கையைக் கட்டிக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாளாம்.

சிரம்பான் திரும்பி நவரத்தினத்திடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "இந்த முறை ஏதும் பார்ட்ஸ் மாத்தினனியோ?" என்றார். இல்லை என்றேன். "மெஷினில வருத்தம் இருந்ததோ?" அதுவும் இல்லை என்றேன். "அப்ப நான் சொன்னது சரிதானே தம்பி? ஓப்பரேட்டர் பிழை. எந்த ஆள் எண்டு மட்டுந்தான் நான் சொல்லேல்லை." அவரோடு யார் வாதாடுவது? நான் ஒரு கோப்பி குடிக்கப் போய்விட்டேன்.

இத்தோடு முடிந்திருந்தால் இது ஒரு டெக்னீஷியனின் வெற்றிக் கதை. நானும் சில காலம் அப்படித்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சில மாதம் கழித்துப் புது பிரிண்டர் மாட்ட அந்தத் தோட்டத்துக்குப் போனேன். எல்லாம் இணைத்து முடித்தபோது ஆபீசில் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். நான் சுவிட்சில் கை வைக்கப் போனேன். கிராணியார் பதறித் தடுத்தார். "இருங்க மிஸ்டர் மணியம், கோமதி போடட்டும். கைராசியுள்ள புள்ள."

விசாரித்தபோது விவரம் தெரிந்தது. அன்றைக்குக் கூட்டத்தில் இருந்தவர்கள் மீட்டர் முள்ளைப் பார்க்கவில்லை. அவர்கள் பார்த்தது, கிராணியார் கைக்குத் திறக்காத பெட்டி கோமதி கைக்குத் திறந்ததைத்தான். செத்த மெஷினை எழுப்பிய கை என்று பேச்சு கிளம்பிவிட்டது. மளிகைக் கடையின் புதுக் கணக்கு இப்போது அவள் கையால். புதுக்காட்டில் முதல் வெட்டும் அவள்தான் போட்டாளாம். அன்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனவள், அதே பிள்ளைக்கு முதல் எழுத்து எழுத அவளைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். கிராணியாரே அதில் முன்னணியில் நின்றார். கைராசி தன்னிடமிருந்து போய்விட்டது என்பதை அவரால் தாங்க முடிந்தது. கைராசி என்று ஒன்று இல்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

கோமதி பிரிண்டரைப் போட்டாள். ஓடியது. எல்லாரும் கலைந்த பிறகு என்னிடம், "பாத்தீங்களாண்ணே, கம்பி கம்பின்னு தொண்ட கிழிய சொன்னீங்க. ஒருத்தருக்கும் ஏறல," என்றாள்.

"விடும்மா, இப்ப நல்ல பேருதானே வந்துருக்கு," என்றேன்.

"கைக்கு வந்துருக்கு. எனக்கு வந்துச்சா?" அவள் குரலில் கோபம் இருந்தது. "ஒரு நாளுகூட பிந்தாம வந்தேன், அண்ணே. நேரத்துக்கு வந்ததாலதானே எனக்கு அது தொறக்கல? இத்தன பேரு இருக்காங்க, அத ஒரு ஆளு வாயத் தொறந்து சொல்லல. நீங்களும் சொல்லல."

எனக்குச் சுருக்கென்றது. உண்மைதான். முள்ளைப் பற்றிச் சொன்னேன், மோட்டாரைப் பற்றிச் சொன்னேன், கம்பியைப் பற்றிச் சொன்னேன். அந்த ஆபீசில் நேரத்துக்கு வந்த ஒரே ஆளுக்குத்தான் கணினி திறக்கவில்லை என்பதைச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. அங்கே இங்கே பார்த்துவிட்டு, "நீதாம்மா கரெக்டா வந்தே," என்றேன். அந்த நேரத்தில் அது காலியான ஆபீசில் விழுந்தது.

அடுத்த வருடம் அவள் தோட்டத்தை விட்டுப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். கைராசியுள்ள பிள்ளை போய்விட்டதே என்று தோட்டத்தில் துக்கம் விசாரிக்காத குறையாம்.

பிறகு ஒருநாள் செனாவாங்கில் ஒரு ஃபேக்டரிக்குக் கணினி பார்க்கப் போயிருந்தேன். ஷிப்ட் மாறும் நேரம். வாசலில், ஆட்கள் வரும் நேரத்தை அட்டையில் அச்சடிக்கும் கடிகாரம் ஒன்று சுவரில் மாட்டியிருந்தது. அதன் முன்னால் வரிசை. ஒரு நிமிடம் பிந்தினாலும் சிவப்பில் அடித்துக் காட்டிவிடுகிறது, மனுஷனை மனுஷன் நம்பாத இடம் என்று ஆளாளுக்கு அதைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் அந்தச் சனியனை என்றும் விரும்பியதில்லை.

வரிசையில் கோமதி நின்றாள். நீலச் சட்டை, தலையில் தொப்பி. என்னைப் பார்த்ததும் சிரித்தாள். ஆபீஸ் வேலையை விட்டு இந்த ஷிப்ட் வேலைக்கு ஏன் வந்தாய், சம்பளம் அதிகமா என்று கேட்டேன்.

"அதுவுந்தான்," என்றாள். முறை வந்ததும் அட்டையை உள்ளே விட்டாள். கடிகாரம் டக்கென்று அடித்துக் கொடுத்தது. கறுப்பு எழுத்து. அதை எனக்கு நேராக நீட்டினாள். மேலே இருந்து கீழேவரை அத்தனையும் கறுப்பு.

"இங்க யாரும் சொல்ல வேணாம்லாண்ணே. நான் எப்ப வந்தேன்னு மெஷினே சொல்லிருது."

அவள் உள்ளே போய்விட்டாள். நான் வரிசைக்கு வெளியே நின்று அந்தக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷின்கள் பழுதானால்தான் எனக்குச் சோறு. ஆனாலும் இந்த ஒன்று மட்டும் ஒருநாளும் பழுதாகக் கூடாது என்று அன்றைக்கு மனதார வேண்டிக்கொண்டேன்.